கூடி ஆள்வதா, எதிரெதிரே நின்று ஆள்வதா? மாகாண சபைக்குப் பொருந்தும் முறை எது

மாகாண சபைத் தேர்தல் எப்போது நடந்தாலும், முடிவு வெளியாகும் இரவிலேயே ஒரு கேள்வி எழுந்துவிடும். கூடுதல் ஆசனம் பெற்ற அணி அமைச்சுகளை எல்லாம் தானே எடுத்துக்கொண்டு மற்றவர்களை எதிர்வரிசையில் இருத்துவதா, அல்லது சபைக்கு வந்த எல்லாத் தரப்பையும் அமைச்சர் வாரியத்துக்குள் சேர்த்துக்கொள்வதா? முன்னதில் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்கும். பின்னதில் ஒதுக்கப்பட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டுமே நல்ல நோக்கங்கள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் மற்றதில் பாதியாவது நழுவும்.

இதை வெறும் கொள்கை விவாதமாக நடத்த வேண்டிய தேவை நமக்கு இல்லை. இலங்கை இரண்டு முறைகளையும் வாழ்ந்து பார்த்திருக்கிறது. 1931 முதல் 1947 வரை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இல்லாத குழு ஆட்சி நடந்தது. அதன் பிறகு, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிரே அமரும் பிரித்தானியப் பாராளுமன்ற முறையான வெஸ்ட்மின்ஸ்டர் பாணி. இரண்டிலும் சிறுபான்மையினருக்கு என்ன கிடைத்தது, என்ன பறிபோனது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதைப் பார்த்தபின் நாம் எடுக்கும் நிலைப்பாடு இது: எந்த இனமும் பாதியைத் தாண்டாத கிழக்குக்குக் கூட்டு நிர்வாகம்தான் சரி. ஆனால் அமைச்சுப் பங்கீடு எழுத்தில் இருக்க வேண்டும், கணக்கைக் கிண்டிப் பார்க்கும் அதிகாரம் ஆட்சியில் சேராதவர்களின் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கூட்டு நிர்வாகத்தைவிட நேர்மையான எதிர்க்கட்சி வரிசையே மேல்.

டொனமூர் குழுக்கள் எப்படி இயங்கின

டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு 1927 இறுதியில் இலங்கைக்கு வந்து விசாரித்து, 1928இல் அறிக்கை தந்தது. இன அடிப்படையிலான தொகுதிகள் பகைமையை வளர்க்கின்றன என்று கருதி அவற்றை நீக்கியது. அதற்கு ஈடாக, சபைக்குள் எல்லோரும் சேர்ந்து நிர்வகிக்கும் ஓர் ஏற்பாட்டைத் தந்தது. இலண்டன் மாநகர நிர்வாகம் குழுக்களால் நடந்த விதம் அதற்கு முன்மாதிரி.

1931இல் கூடிய அரசாங்க சபையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 50 பேர், நியமன உறுப்பினர் 8 பேர், பிரித்தானிய அதிகாரிகள் 3 பேர், ஆக 61 பேர். அதிகாரிகள் மூவரையும் தவிர்த்த மற்றவர்கள் 7 நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள்: உள்நாட்டு விவகாரம், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழிலும் கைத்தொழிலும் வர்த்தகமும், கல்வி, போக்குவரத்தும் வேலைப்பகுதியும். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பில் ஒரு தலைவரைத் தெரிந்தது. தேசாதிபதி அவரை அமைச்சராக நியமித்தார். எழுவரும் அதிகாரிகள் மூவரும் சேர்ந்தது அமைச்சர் சபை. வரவு செலவுத் திட்டத்துக்கு மட்டுமே அவர்கள் கூட்டாகப் பொறுப்பு. மற்ற விடயங்களில் ஒவ்வொரு அமைச்சரும் தன் குழுவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலம், பின்வரிசை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாததுதான். எந்தத் தொகுதியிலிருந்து வந்தவரும் ஏதாவது ஒரு திணைக்களத்தின் கோப்பைக் கையில் எடுத்து வாசித்தார், வாக்களித்தார். முதல் அமைச்சர் சபையில் ஐந்து சிங்களவர்களோடு, தொழில் அமைச்சராக மலையகத் தமிழரான பெரி சுந்தரமும், போக்குவரத்து அமைச்சராக முஸ்லிமான மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். இனத்துக்கு இத்தனை என்ற சட்டம் எதுவும் இல்லாமலே நடந்தது இது. கல்விக் குழுவின் தலைவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 16 ஆண்டுகளும் அதே பொறுப்பில் இருந்தார். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அந்தக் குழுவிலிருந்து பிறந்ததுதான். ஆட்சி மாறும்போதெல்லாம் அமைச்சரும் மாறும் முறையில் ஒரே கொள்கையை இத்தனை ஆண்டு தொடர்ந்து தள்ளிக்கொண்டு போவது மிகக் கடினம்.

யாழ்ப்பாணம் இதில் முதலில் இல்லை. முழுச் சுயாட்சி தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் 4 தொகுதிகளும் 1934 இடைத்தேர்தல் வரை வெறுமையாகக் கிடந்தன. குழு முறையில் வராமல் இருப்பதன் விலை பெரிது. எதிர்க்கட்சி முறையில் வெளியே நின்றாலும் மேடையும் பத்திரிகையும் மிஞ்சும். குழு முறையில் முடிவு எடுக்கப்படும் மேசையே கைவிட்டுப் போய்விடுகிறது.

35 பேரின் கணக்கு

1936இல் இரண்டாவது அரசாங்க சபை கூடியபோது அமைந்த அமைச்சர் சபையில் எழுவரும் சிங்களவர். தனிச் சிங்கள அமைச்சரவை என்று வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர் அது. சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது உறுப்பினர்கள் குழுக்களில் உட்கார்ந்த விதம்.

அதிகாரிகளை விட்டால் 58 பேர். 7 குழுக்களாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 8 பேர், ஒன்றிரண்டில் 9 பேர். 8 பேரிலோ 9 பேரிலோ பெரும்பான்மைக்கு 5 பேர் போதும். ஐந்தை ஏழால் பெருக்கினால் 35. அதாவது 35 பேர் தங்களுக்குள் பேசி, குழுவுக்கு ஐந்து ஐந்தாகப் பரவி உட்கார்ந்தால் ஏழு தலைமைகளும் அவர்களுடையவை. மீதி 23 பேர் என்னதான் ஒற்றுமையாக வாக்களித்தாலும் ஓர் அமைச்சும் கிடையாது. சபையில் 60 வீதம் வைத்திருப்பவருக்கு அமைச்சில் 100 வீதம். சிங்கள உறுப்பினர்களிடம் அந்த 35க்கும் மேற்பட்ட தொகை இருந்தது.

கூட்டு நிர்வாகத்தைப் பரிந்துரைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். குழுவாக உட்கார்வதால் மட்டும் பங்கு உறுதியாவதில்லை. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தனித்தனியே பெரும்பான்மை வாக்கால் தெரிந்தால், ஒரே பெரும்பான்மை ஏழு தடவை எண்ணப்படுகிறது, அவ்வளவுதான். ஏழு தலைமைகளையும் ஒரே தொகுதியாக எடுத்து, சபையின் பலத்துக்கு ஏற்பப் பங்கிட்டிருந்தால் 1936 நடந்திருக்காது. 1942இல் டி.பி. ஜயதிலக டில்லிக்குப் போனபின் அ. மகாதேவா உள்நாட்டு அமைச்சரானார். அதற்குள் நம்பிக்கை உடைந்துவிட்டது. ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி மற்ற எல்லோருக்கும் சேர்த்து என்ற ஜி.ஜி. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கைக்கு அவ்வளவு ஆதரவு திரண்டதற்கு 1936 ஒரு முக்கிய காரணம்.

நிர்வாகத்திலும் குறைகள் இருந்தன. இடமாற்றம், நியமனம், சிறு ஒப்பந்தம் என்று எல்லாமே குழுவின் மேசைக்கு வந்தன. கொள்கை பேச வேண்டிய நேரத்தைக் கோப்பு தின்றது. ஓர் அமைச்சரின் திட்டத்தைச் சபை நிராகரித்தால் அவர் பதவி விலக வேண்டியதில்லை. அதே அமைச்சர் சபையில் இருக்கும் இன்னோர் அமைச்சர் அதை எதிர்த்து வாக்களிக்கலாம். ஆகவே ஒரு காரியம் கெட்டால் யாரைக் கேட்பது என்று வாக்காளருக்குத் தெரியவில்லை. அமைச்சர்களே அமைச்சரவை முறையைக் கேட்டார்கள். தேசாதிபதி கால்டிகொட்டும் 1938 அறிக்கையில் அதையே பரிந்துரைத்தார்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். குழு முறையிலும் எதிர்ப்பு அரசியல் உயிரோடு இருந்தது. 1936இல் சபைக்கு வந்த என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் லங்கா சமசமாஜக் கட்சியின் இருவர்தான். கேள்வி, பிரேரணை, வெளியே கூட்டம் என்று ஒரு முழு எதிர்க்கட்சியின் வேலையைச் செய்தார்கள். 1937இல், தோட்டத் தொழிலாளருக்காகக் குரல்கொடுத்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடுகடத்தத் தேசாதிபதி உத்தரவிட்டபோது, சபையின் பெரும்பான்மையையே அதற்கு எதிராகத் திருப்பினார்கள். எதிர்ப்புக்கு எண்ணிக்கையைவிட, எதிர்க்கும் உரிமையும் தகவலும் முக்கியம்.

1947க்குப் பின்: மாறி மாறி வந்தவர்கள்

சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி யாப்பு குழுக்களை எடுத்துவிட்டுப் பிரதமர், அமைச்சரவை, எதிர்க்கட்சித் தலைவர் என்ற வரிசையைத் தந்தது. இந்த முறைக்கு உரிய பெருமையை மறைக்கக் கூடாது. 1956 முதல் 1977 வரை நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் இருந்த அரசாங்கம் தோற்றுப் புது அரசாங்கம் வந்தது: 1956, 1960இல் இரண்டு தடவை, 1965, 1970, 1977. ஆட்சியில் இருப்பவர் வாக்காளருக்கு அஞ்சினார். 1953இல் மானிய அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எல்லோரும் அமைச்சராக இருக்கும் அரசாங்கத்தில் இப்படி ஒரு தலை உருள்வதற்கு இடமே இருந்திராது.

ஆனால் மாறி மாறி வருவது என்பது, தோற்றவருக்கு அடுத்த தடவை வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் நியாயமாகும். மக்கள்தொகையே தோல்வியைத் தீர்மானிக்கும் தரப்புக்கு அடுத்த தடவை என்பது இல்லை. அதைவிடக் கேடு, இரண்டு பெரும்பான்மைக் கட்சிகள் ஒரே வாக்காளருக்காகப் போட்டியிடும்போது, சிறுபான்மையோடு உடன்படிக்கை செய்பவர் மற்றவரின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தவர் ஆகிறார்.

இது எப்படி நடந்தது என்பதை வரிசையாகப் பாருங்கள். 1956இன் தொடக்கத்தில், தேர்தலுக்கு முன், ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியும், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களக் கொள்கைக்கு மாறியது, பண்டாரநாயக்கவிடம் அந்த வாக்கை இழக்கக் கூடாது என்று. அவர் வென்றதும் தனிச் சிங்களச் சட்டம் 66க்கு 29 என்ற வாக்கில் நிறைவேறியது. 1957 ஜூலை 26இல், தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர, பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம். ஒக்டோபரில் எதிர்த்தரப்பின் ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் தொடங்கினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு முன் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 1965இல் இடம் மாறியது. டட்லி–செல்வா ஒப்பந்தத்தைச் செய்தது ஐக்கிய தேசியக் கட்சி, எதிர்த்து வீதிக்கு வந்தது சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும். 1968இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. 2000 ஓகஸ்டில் சந்திரிகா அரசாங்கம் அதிகாரத்தைப் பகிரும் புதிய யாப்பு வரைவைக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அதன் பிரதிகளைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். தலைவர்களின் குணத்தைக் குறைசொல்வது சுலபம். ஆனால் கட்சிகள் இடம் மாறினாலும் நாடகம் மாறவில்லை என்றால், கோளாறு மேடையின் அமைப்பிலும் இருக்கிறது.

எழுத்தில் நிபந்தனை இல்லாமல் ஆட்சியில் சேர்ந்த அனுபவமும் தமிழர்களுக்கு உண்டு. 1948இல் பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். பயன் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது: காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனை காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. விலையும் அப்படித்தான். மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த அரசாங்கத்தில் எப்படி இருப்பது என்ற கேள்வியில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1953இல் பிரதமர் மாறிய கையோடு பொன்னம்பலத்தின் அமைச்சும் போயிற்று. அவரை உள்ளே வைத்திருந்தது ஒரு பிரதமரின் விருப்பம் மட்டுமே.

2015: எல்லோரும் உள்ளே, கேள்வி வெளியே

தேசிய அரசாங்கம் என்ற பெயரில் இரண்டு பெரிய கட்சிகளும் 2015இல் கூடின. யாப்பின் 19ஆம் திருத்தம் அமைச்சரவைக்கு 30 பேர் என்று வரம்பு போட்டிருந்தது. தேசிய அரசாங்கம் என்றால் அந்த வரம்பைப் பாராளுமன்றம் உயர்த்தலாம் என்று அதே திருத்தத்தில் ஒரு வழியும் இருந்தது. வரம்பு 48க்குப் போயிற்று. கூட்டு நிர்வாகம் பதவி எண்ணிக்கையில் வீங்குவது உலகம் எங்கும் உள்ள நோய். எத்தனை அமைச்சு என்பதை மூடிய எண்ணாகத் தொடக்கத்திலேயே கட்டாவிட்டால், ஒவ்வொரு கருத்து வேறுபாடும் இன்னொரு நாற்காலியால் தீர்க்கப்படும்.

அந்தக் காலத்தின் நல்ல பக்கம் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. மத்திய வங்கியின் பிணைமுறி விற்பனையில் எழுந்த முறைகேட்டுப் புகாரை விசாரித்த, அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அரசாங்கத்தில் சேராத மக்கள் விடுதலை முன்னணியின் சுனில் ஹந்துன்நெத்தி. 2016 ஒக்டோபரில் அந்தக் குழுவின் அறிக்கை சபைக்கு வந்தது. ஆட்சி இரண்டு பெரிய கட்சிகளின் கையில் இருந்தும் கணக்கு மறையவில்லை. தலைமை ஆளுந்தரப்பிடம் இருந்திருந்தால் அந்த அறிக்கை அதே வடிவில் வந்திருக்கும் என்று நம்புவது கடினம். பிரித்தானியாவில் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்பது நெடுநாள் வழக்கம், இந்தியாவில் 1967 முதல் அப்படி. எதிர்ப்பு அரசியலின் மிகச் சிறந்த கருவி இதுதான், கூட்டு நிர்வாகத்துக்குள் அப்படியே எடுத்து வைக்கக்கூடியது.

முறிந்தது எங்கே? பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஆசனம் சம்பந்தனிடம் இருந்தது. ஆனால் தென்னிலங்கை வாக்காளரின் கோபத்தைச் சுமந்தது, அந்த ஆசனத்தில் இல்லாத, மகிந்த ராஜபக்சவைச் சூழ்ந்த கூட்டு எதிரணி. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் அந்த அணியின் பொதுஜன பெரமுன வென்றது, ஒக்டோபர் 26இல் அரசாங்கம் உடைந்தது. புதிய யாப்பு எழுதப் பாராளுமன்றம் முழுவதையும் அரசியலமைப்புச் சபையாக்கி, உபகுழுக்கள் அமைத்து, 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை வரை கொண்டுவந்த வேலையும் அத்தோடு நின்றது. பெரிய கட்சிகள் எல்லாம் உள்ளே போய்விட்டால், அதிருப்தியடைந்த வாக்காளர் வெளியே இருக்கும் யாரையாவது தேடிப் போவார். அந்த இடத்தைக் கடுமையானவர்கள் பிடிப்பார்கள்.

வட அயர்லாந்தும் சுவிற்சர்லாந்தும்

எழுத்தில் பங்கு உறுதிசெய்யப்பட்ட முறைக்கு நமக்கு மிக நெருங்கிய உதாரணம் வட அயர்லாந்து. 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கைப்படி அமைச்சுகள் கட்சிகளின் ஆசன எண்ணிக்கைக்கு ஏற்ப, டி ஹொண்ட் வகுத்தல் முறையில் தாமாகவே பங்கிடப்படுகின்றன. ஒவ்வொரு கட்சியின் ஆசன எண்ணிக்கையும், அது ஓர் அமைச்சைப் பெறும்போதெல்லாம் 2, 3, 4 என்று வகுக்கப்படும்; அடுத்த அமைச்சு அப்போது பெரிய எண் வைத்திருப்பவருக்கு. பேரம் பேச இடமில்லை. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சம அதிகாரம் உள்ளவர்கள், ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். நல்லெண்ணத்தில் போட்ட இந்தப் பூட்டுத்தான் முறையின் பலவீனமும் ஆயிற்று. ஒரு கட்சி வெளியேறினால் ஆட்சியே நின்றுவிடுகிறது. 2017 ஜனவரி முதல் 2020 ஜனவரி வரையும், 2022 பெப்ரவரி முதல் 2024 பெப்ரவரி வரையும் அப்படி நின்றது.

அங்கே 30 உறுப்பினர் கையெழுத்திட்டால் எந்தப் பிரேரணைக்கும் இரண்டு சமூகங்களின் சம்மதமும் தேவை என்றாகும். ஒரு சமூகத்தின் அடிப்படை நலனைக் காக்க வைத்த ஏற்பாடு. 2015 நவம்பரில் ஒருபாலினத் திருமணப் பிரேரணை 53க்கு 52 என்று வென்றும் இந்தக் கையெழுத்தால் தடுக்கப்பட்டது. விடயம் இன்னது என்று எல்லை போடாத தடை அதிகாரம் எதற்கும் பயன்படும். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது, கையெழுத்துகள் குறைந்தது இரண்டு கட்சிகளிலிருந்து வர வேண்டும் என்று.

சுவிற்சர்லாந்தின் கதை வேறு. ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அவையில் 1959 முதல் பெரிய கட்சிகள் நான்கும் பங்கு வகிக்கின்றன. எதிர்க்கட்சி வேலையை மக்களே செய்கிறார்கள்: ஒரு சட்டம் பிடிக்காவிட்டால் 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்துத் திரட்டினால் வாக்கெடுப்பு. நிலைத்த ஆட்சி, ஆனால் வேகம் மிகக் குறைவு. மகப்பேற்றுக் காப்புறுதிக்கு யாப்பில் இடம் கொடுத்தது 1945இல், அது நடைமுறைக்கு வந்தது 2005இல். அவசரமாகக் காணி, வீடு, வேலை வேண்டியிருக்கும் ஒரு மாகாணத்துக்கு இவ்வளவு மெதுவான முறையைப் பரிந்துரைக்க மனம் வராது.

கிழக்கில் ஒரு கணக்கு, வடக்கில் ஒரு கணக்கு

யாப்பில் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தத்தின்படி முதலமைச்சரோடு சேர்த்து மாகாண அமைச்சர் 5 பேர். இந்த ஐந்தும் மூடிய எண், வீங்க முடியாது. கூட்டு நிர்வாகத்துக்கு இது ஒரு வசதி.

2012இல் கிழக்கில் ஆசனங்கள்: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. இதில் டி ஹொண்ட் முறையைப் போட்டுப் பாருங்கள். முதல் அமைச்சு பெரிய எண்ணான 14க்கு. அந்த 14ஐ இரண்டால் வகுத்தால் 7. அடுத்த பெரிய எண் 11, இரண்டாவது அமைச்சு தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, அதன் எண் 5.5 ஆகிறது. இப்போது சுதந்திரக் கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் 7இல் சமம், மூன்றாவதும் நான்காவதும் ஆளுக்கு ஒன்று. ஐந்தாவது, 5.5 வைத்திருக்கும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. முடிவு 2, 2, 1. யாரும் யாரிடமும் கெஞ்சாமல் மூன்று பெரிய தரப்பும் உள்ளே வந்துவிட்டன.

நடந்தது வேறு. முஸ்லிம் காங்கிரஸ் சுதந்திரக் கூட்டமைப்போடு சேர்ந்தது, 11 ஆசனம் வைத்திருந்தவர்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். கொழும்பில் ஆட்சி மாறியபின் 2015இல் முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அகமட் முதலமைச்சரானார், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 2 அமைச்சு கிடைத்தது. 11 ஆசனம் உள்ளவர்கள் 7 ஆசனம் உள்ளவர்களுக்கு முதலமைச்சை விட்டுக்கொடுத்தார்கள் என்று அப்போது கடும் விமர்சனம் வந்தது. அந்த விட்டுக்கொடுப்பு பெருந்தன்மையானது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் பெருந்தன்மையில் தொங்கும் ஏற்பாடு, அந்தத் தலைவர்கள் மாறினால் விழுந்துவிடும்.

வடக்கில் 2013 முடிவு: மொத்தம் 38இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 30, சுதந்திரக் கூட்டமைப்பு 7, முஸ்லிம் காங்கிரஸ் 1. டி ஹொண்ட் போட்டால் முப்பதின் எண்கள் 30, 15, 10, 7.5 என்று நான்கு அமைச்சை எடுத்தபின் 6க்கு இறங்குகின்றன. ஐந்தாவது 7 ஆசனக் கட்சிக்குப் போகிறது. இப்படி ஒரு அமைச்சைக் கொடுப்பதால் வடக்கில் பெரிதாக ஒன்றும் மாறாது. அங்கே இருந்த குறை வேறு: எதிர்வரிசை மெலிந்திருந்ததால் எதிர்ப்பு ஆளும் அணிக்குள்ளேயே முளைத்தது. 2017 ஜூனில் முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு எதிராகக் கையெழுத்து வைத்தவர்கள் அவருடைய அணியினர். வடக்குக்கு எதிரெதிர் முறையே பொருந்தும். 7 பேராக இருந்தாலும் எதிர்வரிசைக்குக் கணக்குக் குழுத் தலைமை, கேள்வி நேரம், ஆவணம் கேட்கும் உரிமை ஆகியவற்றைச் சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளையிலேயே எழுதிக்கொடுத்தால் சபை சபையாக இயங்கும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

கிழக்கில் கூட்டு நிர்வாகத்தைத் தெரிந்தால், சட்டத்தின் இடம் முதலில் தெளிவாக இருக்கட்டும். பெரும்பான்மை ஆதரவுள்ளவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார், மற்ற நால்வரும் முதலமைச்சரின் ஆலோசனைப்படி. டி ஹொண்ட் பங்கீட்டை மாகாண சபை தானாகச் சட்டமாக்க முடியாது. ஆனால் முதலமைச்சர் எந்த நால்வரைச் சொல்ல வேண்டும் என்று கட்சிகள் முன்கூட்டியே உடன்படுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே, யாருக்கு எத்தனை என்று தெரியாத வேளையில், எல்லாக் கட்சியும் ஒப்பமிட்டுப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். முடிவு வந்தபின் பேசினால் கூடுதல் எடுத்தவர் ஒப்பமிட மாட்டார்.

அடுத்து, குழுவுக்கு என்ன போகும், என்ன போகாது. மாகாண சபை இயற்றும் நியதிச் சட்டத்தின் வரைவு, ஆண்டுத் திட்டம், பிரதேசங்களுக்கு இடையே பணப் பங்கீடு ஆகியவை குழுவுக்கு. ஆசிரியர் இடமாற்றம், ஒப்பந்த வேலைக்கான கேள்விப்பத்திரம் (டெண்டர்), தனிநபர் நியமனம் எதுவும் வரவே கூடாது. டொனமூர் குழுக்கள் மூச்சுத் திணறியது இதில்தான். ஒவ்வொரு விடயத்துக்கும் நாள் குறிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் குழு முடிவு தராவிட்டால் அமைச்சரின் வரைவு நேரே சபைக்குப் போகும் என்று வைத்தால், இழுத்தடிப்பதால் யாருக்கும் இலாபம் இல்லை. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஓகஸ்டில் தடைப்பட்ட வேலைத்திட்டத்தை நவம்பரில் தொடங்கி முடிக்க முடியாது.

தடை அதிகாரம் வேண்டும், ஆனால் பெயர் சொல்லி: காணி, மொழிப் பயன்பாடு, வழிபாட்டிடம், பாடசாலை மூடலும் தரம் மாற்றமும். பட்டியலில் இல்லாத விடயத்துக்குச் சாதாரண பெரும்பான்மை. பட்டியலில் உள்ளதற்கு ஒரு சமூகத்தின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் எதிர்த்தால் விடயம் 60 நாள் நிற்கட்டும், அதற்குள் திருத்திய வரைவு வரட்டும். நிரந்தரத் தடை கொடுத்தால் வட அயர்லாந்தின் நிலை வரும்.

கணக்குக் குழுத் தலைமை, அமைச்சு எடுக்காத கட்சிகளில் பெரியதற்கு. 2012 எண்களின்படி அது 4 ஆசனக் கட்சி. அமைச்சு கிடைத்தும் வேண்டாம் என்று எதிர்வரிசையில் உட்கார எந்தக் கட்சிக்கும் உரிமை இருக்க வேண்டும், அதன் பங்கு வகுத்தல் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். வெளியே போகும் வாசல் திறந்திருந்தால்தான் உள்ளே இருப்பவர் விரும்பி இருக்கிறார் என்பது வாக்காளருக்குத் தெரியும்.

பிரதேச சபைகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமே நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று குழுக்களுக்கு இடம் தருகிறது. உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். தொங்கு சபைகளில் தவிசாளர் பதவிக்காக மட்டும் கூட்டுச் சேர்ந்து, இந்தக் குழுக்களை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்று பேசாமல் விடுவதால்தான் வரவு செலவுத் திட்டம் தோற்கிறது. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் திட்டம் இரண்டு தடவை தோற்று முதல்வர் பதவியிழந்தார். ஒரு சபையில் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்த நாளிலேயே, நிதிக் குழுவில் யார் இருப்பார்கள், வரைவை அவர்கள் எந்த மாதம் பார்ப்பார்கள் என்பதை எழுதிக்கொள்ளலாம். ஒக்டோபருக்குள் எல்லாக் கட்சியின் ஆளும் வரைவைப் பார்த்துத் திருத்தியிருந்தால், டிசம்பர் வாக்கெடுப்பில் சண்டை பிடிக்க மிஞ்சுவது மிகச் சில வரிகள்தான்.